சீகன்பால்கு சிறிதாக்கிய எழுத்து

பெரம்பூரில் அண்மையில் என் கைக்கு வந்த திருமண அழைப்பிதழில் தமிழ் முழுவதும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கணினி ஒரே சொடுக்கில் சாய்த்துவிடுகிறது. சுழிகள் நசுங்கி, ணகரமும் னகரமும் என் வயதுக் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டன. ரோமன் சாய்வெழுத்து இப்படிப் பிறந்ததன்று. 1501இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூசியஸ், கையடக்க நூல்களுக்காகக் கையெழுத்தை ஒட்டித் தனியாகவே வெட்டுவித்த எழுத்து அது. தமிழில் அதே தேவை எழுந்தபோது வேறு வழியில் விடை கண்டவர் சீகன்பால்கு.

1682இல் ஜெர்மனியின் புல்ஸ்நிட்சில் பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, டேனிய அரசரால் அனுப்பப்பட்டு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். டேனியத் தளபதியோடு மோதிச் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார். சுவடிகளைத் திரட்டினார், படியெடுக்க ஆள் வைத்தார். படியெடுப்பின் செலவுதான் அவரை அச்சுப் பொறியின் பக்கம் திருப்பியது. ஒவ்வொரு படிக்கும் புதிதாகக் கூலி தர வேண்டிய தொழிலில் நூல் ஒருநாளும் மலிவாகாது. பொருளியல் படித்தவனுக்கு அவருடைய வாழ்வில் முதலில் கண்ணில் படுவது இந்தக் கணக்கே.

லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப் பொறி வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மீண்டு, சென்னை வழியாக அவரிடம் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் 1713இல் ஹாலேயிலிருந்து வந்தன. தமிழ் வழங்காத ஊரில், அனுப்பிய மாதிரியைப் பார்த்து வார்க்கப்பட்டவை அவை. வடிவம் தேறியது, அளவு தேறவில்லை. ஓலையில் எழுத்தாணி கிழிக்காமல் ஓடுவதற்காகத் தமிழ் வளைந்தது என்பர். அந்த வளைவும் சுழியும் ஈயத்தில் துலங்க வேண்டுமென்றால் எழுத்தைப் பெரிதாக வெட்டுவதே எளிது. ஆனால் பெரிய எழுத்து தாளைத் தின்றது. தாளோ கப்பலில் வர வேண்டிய பொருள்.

ஆகவே எழுத்தைச் சிறிதாக்கினார்கள். உடன் வந்திருந்த வார்ப்பாளர் அட்லர் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளே அதற்கு உலோகமாயின என்று ஒரு செய்தி உண்டு. 1714இல் நற்செய்தி நூல்கள் பெரிய எழுத்திலும், 1715இல் புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதி சிறிய எழுத்திலும் வெளிவந்தன. சாய்க்காமல், நெருக்காமல், சுழியைச் சுழியாகவே விட்டுச் சிறிதாக்கினார்கள். தாளுக்கென்று அங்கேயே ஓர் ஆலையும் தொடங்கப்பட்டது.

ஐரோப்பா சென்று, ஹாலேயில் தம் தமிழ் இலக்கணத்தை அச்சேற்றி, 1716இல் திரும்பினார். கடைசி ஆண்டுகளைக் கசப்பாக்கியது கோபன்ஹேகன் நிர்வாகக் குழு. அவர் செய்த செலவுகள் அங்கே வீணாகத் தோன்றின. களத்தில் நிற்பவனின் கணக்கும் தொலைவில் பேரேடு புரட்டுபவனின் கணக்கும் ஒத்துப்போவது அரிது. ஆயினும் அவர் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் எண்ணம். 1719 பிப்ரவரியில், 36 வயதில், தரங்கம்பாடியில் மறைந்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை அச்சிட ஹாலே விரும்பவில்லை. அது 1867இல்தான், சென்னையில், அச்சேறியது.