வெள்ளைப் புலி வளர்த்த மகாராஜா

வேட்டையில் பெயர் எடுத்த மன்னன் என்றதும் நம் நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு எனப் பல நாடுகள் கொண்ட கொல்லிமலையை ஆண்டவன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பினால் வீழ்த்தினான் என்று புறநானூறு கூறுகிறது.

வேட்டைக்குச் சென்ற இடத்தில் ஒரு புலியைக் கொல்லாமல் விட்டதால் உலகப் புகழ் பெற்ற மன்னரும் உண்டு. அவர்தான் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங்!

இன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருந்தது ரேவா சமஸ்தானம். 1923-ல் பிறந்த மார்த்தாண்ட சிங், 1946-ல் பட்டத்துக்கு வந்தார். சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்ததும் அவருடைய ஆட்சி முடிந்தது. வேட்டை மட்டும் நிற்கவில்லை.

பிழைத்த குட்டி

1951-ம் ஆண்டு மே மாதம், பர்கடி காட்டில் ஒரு தாய்ப்புலியும் அதன் மூன்று குட்டிகளும் சுட்டுக் கொல்லப்பட்டன. நான்காவது குட்டி வெள்ளை வெளேர் என்று இருந்தது. மகாராஜா அதை உயிரோடு பிடித்து, கோவிந்தகர் அரண்மனைக்குக் கொண்டுபோனார். "மோகன்" என்று பெயர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மோகன் இறைச்சியைத் தொடாது, பால் மட்டுமே குடிக்கும் என்று சொல்வார்கள்.

மோகனுக்கு "பேகம்" என்ற சாதாரணப் பெண்புலியை ஜோடி சேர்த்தார். பிறந்த குட்டிகள் எல்லாம் மஞ்சள் நிறம். மகாராஜா மனம் தளரவில்லை. அந்தக் குட்டிகளில் ஒன்றான ராதாவையே மோகனுடன் சேர்த்தார். 1958-ல் ராஜா, ராணி, மோகினி, சுகேசி என்று நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன!

விலை 10 ஆயிரம் டாலர்

வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகள் போட்டி போட்டன. 1960-ல் மோகினி 10 ஆயிரம் டாலருக்கு அமெரிக்கா போயிற்று. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஐசனோவரே அதை வரவேற்றார். 1963-ல் இரண்டு வெள்ளைப் புலிகள் இங்கிலாந்தில் உள்ள பிரிஸ்டல் நகருக்குச் சென்றன.

ஆனால், அந்த அழகுக்குப் புலிகள் கொடுத்த விலை அதிகம். வெள்ளைப் புலி தனி இனம் அல்ல. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த நிறக்குறை வந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். ஆகவே, நிறத்துக்காக நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஜோடி சேர்த்தார்கள். மாறுகண்ணும், வளைந்த முதுகெலும்பும் வந்தன. பல குட்டிகள் இளம் வயதிலேயே மாண்டன. 2011-ல் அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளின் சங்கம், வெள்ளைப் புலிகளைப் பெருக்கக்கூடாது என்று தன் உறுப்பினர்களுக்குக் கூறிவிட்டது.

காட்டைக் கொடுத்தார்

மோகன் 1969-ல் இறந்தது. அதற்கு முந்திய ஆண்டே மகாராஜா இன்னொரு காரியம் செய்திருந்தார். பாந்தவ்கர் காடு அவருடைய முன்னோர்கள் வேட்டையாடிய இடம். அங்கே புலிகள் குறைந்து வருவதைக் கண்டு, அதைப் பாதுகாக்கும்படி அரசை வற்புறுத்தினார். 1968-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று.

பிற்காலத்தில் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1986-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1995-ல் காலமானார்.

அவர் விற்ற புலிகளின் சந்ததி இன்றும் கம்பிகளுக்குப் பின்னால் வாழ்கிறது. அவர் வேட்டையை விட்டுக்கொடுத்த காட்டிலோ, மஞ்சள் புலிகள் குட்டிகளோடு சுதந்திரமாக உலவுகின்றன.