விசுவநாத தாஸ்: பாட்டு மட்டும்தான் குற்றவாளியா?

சாதிப் பெருமை பேசும் பாடல்களே நம் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்று அண்மைக்காலம் வரை நானும் வாதிட்டு வந்தேன். திண்டுக்கல்லை அடுத்த எங்கள் அகரத்தில் திருவிழாக் காலம் நெருங்கினால், ஒலிபெருக்கியில் எந்தப் பாடல் ஒலிக்கலாம், எது கூடாது என்ற பேச்சும் எழும். அப்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் தியாகி விசுவநாத தாஸ். அவர் வாழ்வு என் வாதத்தின் எளிமையைக் கலைத்துவிட்டது.

1886இல் சிவகாசியில், முடிதிருத்தும் தொழில் புரிந்த மருத்துவர் குலத்தில் பிறந்தவர் அவர். பின்னர் திருமங்கலத்தில் வாழ்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் சிற்றூர்களையெல்லாம் ஆண்ட காலம் அது. திரைப்படம் வேரூன்றுவதற்கு முன் வெகுமக்களின் இசை மேடையிலேதான் இருந்தது. விடிய விடிய நடந்த வள்ளி திருமணத்தில் முருகனாகத் தோன்றித் தம் குரலால் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர் தாஸ்.

காந்தியின் வழிக்கு வந்து கதர் உடுத்திய பின் அந்தக் குரல் அரசுக்கு அச்சமூட்டியது. தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியில், மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய கொக்குப் பாட்டு ஒலிக்கும். கொக்கு யாரென்று பார்வையாளர் அனைவருக்கும் தெரியும். நிறத்தைக் கொண்டு ஆண்டவர்களை நிறத்தாலேயே நையாண்டி செய்த பாட்டு அது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஏற்கெனவே அரசின் கையில் இருந்தது. தாஸ் பலமுறை கைதானார். சிறையும் கடனும் அவரை விடாமல் துரத்தின. நாட்டின் கொந்தளிப்புக்குக் காரணம் வரியும் அடக்குமுறையும் அல்ல, பாட்டுத்தான் என்று ஆட்சியாளர் நம்பினர். அல்லது நம்ப விரும்பினர்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படுவார்கள். யாருடன் நடிப்பது என்பதை அவரவரே முடிவு செய்யலாம். அந்த உரிமையைக் கொண்டு, தாசின் பிறப்பைக் காரணம் காட்டி அவருடன் நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். தயங்காமல் முன்வந்தவர் கே.பி.ஜானகி அம்மாள். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத் தலைவராகி, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றவர் அவர். வெள்ளையரைச் சாடும் பாட்டுக்குக் கைதட்டிய சமூகத்துக்கு, அதைப் பாடியவரின் சாதி உறுத்தியது. பாட்டுக்குப் பிடியாணை வந்தது. அந்த மறுப்புக்கு எந்தப் பிடியாணையும் வரவில்லை.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் மயில்மீது அமர்ந்து முருகனாகப் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் இன்று அவருக்கு அரசு நினைவில்லம் இருக்கிறது.

பாட்டுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாட்டின் வலிமையைத் தாசைவிட அறிந்தவர் யார்? அதற்கான விலையைச் சிறையில் தாமே செலுத்தினார். பிறரைத் தாழ்த்தும் பாட்டைப் பாடுபவரும் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால், விசாரணை அங்கேயே முடிந்துவிடக் கூடாது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பின் அமைந்த நீதிபதி கே.சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் மாணவர்களின் கயிறுகளோடு நிற்கவில்லை. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி, தலைமையாசிரியர் நியமனம் என்று பெரியவர்களின் பக்கமும் கை நீட்டியது.

ஒலிபெருக்கியை நிறுத்த ஒரு காவலர் போதும். திருவிழாவில் யாருக்கு எந்த இடம் என்பதைப் பாட்டு தொடங்கும் முன்பே முடிவு செய்து வைத்திருப்பவர்கள் நாம். அந்தக் கணக்கை நாம்தான் தீர்க்க வேண்டும்.