தெருவில் வளர்ந்த இசை: எம்.எஸ். பாபுராஜ்

மலையாளத் திரையிசையைப் பற்றிப் பேசப் புகுவோர் கோழிக்கோட்டு எம்.எஸ். பாபுராஜ் அவர்களைக் கடந்து செல்ல இயலாது. முகம்மது சாபிர் என்பது அம்முதலெழுத்துகளின் விரிவு. தந்தையார் ஜான் முகம்மது வங்காளத்திலிருந்து வந்த இந்துஸ்தானி இசைக் கலைஞர். அன்னையார் மலபாரைச் சேர்ந்தவர். ஆசான் இல்லத்திலேயே அமைந்தார் என்று நாம் எண்ணிவிடலாகாது. சிறு வயதிலேயே பெற்றோரின் ஆதரவை இழந்த பாபுராஜ், வயிற்றைத் தட்டித் தாளமிட்டு ரயில் வண்டிகளிலும் தெருக்களிலும் பாடிப் பசியாறினார். குஞ்ஞுமுகம்மது என்னும் காவலர் ஒருவர் அக்குரலில் மயங்கி, அவரை அழைத்துச் சென்று ஆதரித்தார். ஒரு காவலரின் ஊதியத்தில் அது எளிய அறமன்று!

கோழிக்கோட்டின் மாடி அறைகளில் இரவெல்லாம் நிகழ்ந்த மெஹ்பில்களே அவருக்குக் கல்விச்சாலை. கேட்டதைச் செவியில் நிறுத்தி ஆர்மோனியத்தில் தேடிப் பிடித்தார். நாடக மேடைகளில் பழகிய பின், ராமு காரியத் இயக்கிய 'மின்னாமினுங்ஙு' (1957) வாயிலாகத் திரையுலகில் நுழைந்தார். மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. அதற்கு இசையும் அவரே.

இந்தி மெட்டுகளை அப்படியே பெயர்த்து வைக்கும் வழக்கம் அந்நாளில் முற்றிலும் ஒழிந்திருக்கவில்லை. பாபுராஜோ மெட்டை விடுத்து, இந்துஸ்தானி ராகத்தின் உயிரையே மலையாளச் சொல்லுக்குள் இறக்கினார். வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய 'பார்கவி நிலையம்' (1964) படத்தில், பி. பாஸ்கரனின் கவிதையை நம் ஆபேரிக்கு உறவான பீம்பளாசியில் அமைத்து ஜேசுதாசைப் பாட வைத்தார். காத்திருப்பவனின் ஏக்கம் அதில் ஒவ்வொரு சுரத்திலும் கசிகிறது. அதே ஆண்டில் வெளிவந்த 'குட்டிக்குப்பாய'த்திலோ மாப்பிள்ளைப் பாட்டின் துள்ளல்! திருமண வீடுகளில் கைதட்டிப் பாடப்பெற்ற இசையை அவர் திரையில் கேலிப்பொருளாக்கவில்லை. அதற்குரிய மதிப்போடு அமர்த்தினார். நம் கருத்தில், ராகப் பாடல்களைவிட இதுவே அவருடைய அரிய தொண்டு.

எஸ். ஜானகி அவர்களின் குரலுக்கும் அவர் தந்த பாடல்கள் பல.

பொருளைச் சேர்த்து வைக்க அவர் அறியவில்லை. இறுதி நாட்களில் வறுமையும் நோயும் சூழ, 1978 அக்டோபர் 7 அன்று சென்னையில் மறைந்தார். பஷீரின் அதே கதை 2023இல் 'நீலவெளிச்சம்' என மீண்டும் படமானபோது, புதிய மெட்டுகளை நாடாமல் பாபுராஜின் மெட்டுகளையே எடுத்துக்கொண்டனர்.