பெட்ரோல் கிடைக்காத நாட்களில் கரியில் ஓடிய பஸ்: மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்காரின் கதை

டி.வி.எஸ். என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது பைக், ஸ்கூட்டர். 80-களில் வளர்ந்தவர்களுக்கு டி.வி.எஸ். 50. ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான டி.வி.சுந்தரம் ஐயங்கார் டி.வி.எஸ். 50-ஐப் பார்த்ததே இல்லை. 1980-ல் அது சந்தைக்கு வந்தபோது அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் காலத்தில் டி.வி.எஸ். என்றால் பஸ். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, அவர் பஸ்ஸுக்குப் பெட்ரோலுக்குப் பதிலாக மரக்கரியைக் கொடுத்தார். பஸ் ஓடியது, ஆனால் இன்ஜின் பழைய மாதிரி இழுக்கவில்லை. அது ஏன்? எப்படிச் சமாளித்தார்கள்?

யார் இந்தச் சுந்தரம் ஐயங்கார்?

1877-ல் திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டி' அந்த ஊரைத்தான் குறிக்கிறது. அப்பாவின் ஆசைப்படி வக்கீல் தொழிலுக்குப் போனார். பிறகு ரயில்வேயில் வேலை, அப்புறம் வங்கியில் வேலை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, 1911-ல் மதுரையில் சொந்தத் தொழில் தொடங்கினார். பஸ் விடுவதுதான் அந்தத் தொழில்.

அன்றைக்கு இது பெரிய ரிஸ்க். மாட்டு வண்டிகள் போன மண் சாலைகள், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டிய உதிரி பாகங்கள். வண்டி நடுவழியில் நின்றால் பயணிகளும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதனால் பஸ் ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. பழுது பார்ப்பது, உதிரி பாகம் விற்பது, தேய்ந்த டயருக்கு ரீட்ரெட் போடுவது என்று பஸ்ஸைச் சுற்றியுள்ள வேலைகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார்.

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்பது மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் பேச்சு. மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் அனுப்பி ரோட்டைச் சுத்தம் செய்வார்களாம். இதுவும் ஊர்ப் பேச்சுதான். எப்படியோ, சொன்ன நேரத்துக்கு பஸ் வரும் என்ற நம்பிக்கைதான் அவரது உண்மையான முதலீடு.

போர் வந்தது, பெட்ரோல் போனது

1939-ல் தொடங்கிய போர் அந்த நம்பிக்கைக்கே வேட்டு வைத்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. மிச்சமிருந்ததில் ராணுவத்துக்குத்தான் முன்னுரிமை. பஸ் முதலாளிகள் முன்னால் இருந்தது இரண்டே வழி. ஒன்று, வண்டியை ஷெட்டில் நிறுத்துவது. இல்லையென்றால், வேறு எரிபொருள் தேடுவது.

சுந்தரம் ஐயங்கார் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். அப்படி வந்ததுதான் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'. மரக்கரியிலிருந்து வாயு தயாரித்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கருவி இது. கரி வாயுவில் வண்டி ஓட்டுவது அப்போது ஐரோப்பாவிலும் பரவலாக இருந்தது. இங்கே உள்ளூரிலேயே அந்தக் கருவி தயாரானது.

கரியில் பஸ் எப்படி ஓடும்?

வண்டியோடு ஓர் இரும்பு உருளை இணைந்திருக்கும். அதில் கரியை நிரப்பி, குறைந்த அளவு காற்று விட்டு எரிப்பார்கள். காற்று போதாததால் கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதுவும் எரியக்கூடிய வாயுதான். இதைக் குளிர வைத்து, வடிகட்டி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் அனுப்புவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்குத் தோராயமாக ஒன்றரை கிலோ கரி தேவைப்படும்.

இன்ஜின் ஏன் இழுக்கவில்லை?

கரி வாயுவில் பாதிக்கு மேல் நைட்ரஜன். அது எரியாது, சும்மா இடத்தை அடைக்கும். பிஸ்டன் ஒரு தடவை உள்ளே இழுக்கும் கலவையில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிடக் குறைவு. அதனால் பெட்ரோலுக்காகச் செய்த இன்ஜினைக் கரி வாயுவில் ஓட்டினால், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை சக்தி போய்விடும். சமதளத்தில் ஓடும் பஸ் மேட்டில் திணறும்.

இந்த இழப்பை முழுசாகத் தவிர்க்க முடியாது. அதற்கு மேலும் சக்தி குறைந்தால், அது பழுது. கரி வாயு வண்டிகளில் பொதுவாகப் பார்க்க வேண்டியவை இவை:

• கரி ஈரமா? ஈரக் கரி, சரியாக வேகாத கரி இரண்டுமே தண்ணீரையும் தாரையும் கிளப்பும். தார் போய் வால்வில் ஒட்டிக்கொள்ளும்.

• ஃபில்டர் அடைத்திருக்கிறதா? சாம்பலும் தூசியும் சேர்ந்தால் இன்ஜினுக்கு வாயு போதாது. அடிக்கடி சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

• குழாயில் கசிவு உள்ளதா? வெளிக்காற்று உள்ளே புகுந்தால் வாயு நீர்த்துவிடும்.

• வாயு சூடாகவே வருகிறதா? சூடான வாயு விரிந்திருக்கும். அதே இடத்தில் குறைவான எரிபொருள்தான் அடங்கும். அதனால்தான் குளிர வைக்கிறார்கள்.

• தீப்பொறி நேரம் சரியா? கரி வாயு மெதுவாக எரியும். பெட்ரோலுக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் முன்னதாகத் தீப்பொறி விழ வேண்டும்.

இதில் உயிர் ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் கசிந்தால் ஆளையே கொன்றுவிடும். டிரைவரும் மெக்கானிக்கும் கையாண்டது கரியை மட்டுமல்ல, விஷத்தையும்தான்.

அதற்குப் பிறகு?

போர் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்ததும் பெரும்பாலான இடங்களில் கரி உருளைகள் மறைந்துவிட்டன. சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். தொழிலை மகன்கள் நடத்தினார்கள். காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் சௌந்தரம் இவருடைய மகள். 1970-களின் தொடக்கத்தில் டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமை ஆகி, பாண்டியன் ரோடுவேஸ் கார்ப்பரேஷன் ஆயின. இன்றைக்கு மதுரை அரசு பஸ்ஸில் ஏறுபவர்கள் அந்தத் தொடர்ச்சியில்தான் பயணிக்கிறார்கள்.

கரி போனாலும் அன்றைக்கு மெக்கானிக்குகள் பார்த்த வரிசை மாறவில்லை. பழைய பைக் மேட்டில் திணறினாலும், ராமேஸ்வரத்தில் பழைய படகு மோட்டார் வேகம் எடுக்காவிட்டாலும், இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, குழாயில் காற்று புகுகிறதா, தீப்பொறி சரியாக வருகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.