சாந்திவனத்தின் முதல் சுவாமியார்

நமது மேட்டூர் அணையை விட்டுப் புறப்படும் காவிரி, பவானியையும் ஈரோட்டையும் கடந்து குளித்தலையை அடைகிறது. அங்கே தென்கரையில், தண்ணீர்ப்பள்ளியில், சாந்திவனம் எனப்படும் சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் இல்லம். அதன் கோபுரத்தையும் காவியுடையையும் கண்டு, இது நம் திருச்சபையைச் சேர்ந்ததுதானா என்று வினவும் பங்கு மக்கள் உண்டு. அதைத் தொடங்கிய இருவருள் மூத்தவரான ஜூல்ஸ் மோன்ஷானின் அடிகளாரின் வாழ்வே அவர்களுக்குத் தக்க விடை எனக் கருதுகிறோம்.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகிலுள்ள ஃப்ளூரியில் 1895-இல் பிறந்த அடிகளார், 1922-இல் குருப்பட்டம் பெற்றார். பெரும் கல்விமான். ஆயினும் முனைவர் பட்டப் படிப்பைத் துறந்து, சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த பங்குக்குச் சென்றார். 1932-இல் கொடிய நோயில் விழுந்தபோது, பிழைத்தால் தம் வாழ்வை இந்தியாவுக்கே அளிப்பதாக நேர்ந்துகொண்டார். 1939-இல் அந்த நேர்ச்சை நிறைவேறியது. திருச்சி ஆயர் மெண்டோன்சா ஆண்டகை அவரை ஏற்றுக்கொண்டார். பத்தாண்டுகள் சிற்றூர்ப் பங்குகளில் ஏழை எளியவர்களிடையே உழைத்தார். ஐரோப்பாவில் அறிஞர்கள் தேடிவந்து உரையாடிய ஒருவர், இங்கே குளித்தலையின் பங்குத்தந்தை!

1948-இல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோ அடிகள் வந்து சேர்ந்தார். அந்நாளைய வழக்கப்படி புனித ஆசீர்வாதப்பர் திருநாளான 1950 மார்ச் 21 அன்று இருவரும் ஆசிரமத்தைத் தொடங்கினர். குடிசையில் வாசம், தரையில் படுக்கை, மரக்கறி உணவு, காவியுடை. ஜெபமும் உழைப்பும் என்ற பழைய ஒழுங்கை நம் நாட்டுத் துறவு முறையில் வாழ்ந்து காட்ட விரும்பினர். சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்றில் பிதா, சுதன், பரிசுத்த ஆவியைக் கண்டே ஆசிரமத்துக்குப் பெயரிட்டனர். ஆகவே அப்பெயர் தமதிருத்துவத்தின் மீதான விசுவாச அறிக்கையேயன்றி வேறல்ல. மோன்ஷானின் அடிகளார் பரம அரூபி ஆனந்தர் எனவும், லெ சோ அடிகள் அபிஷிக்தானந்தர் எனவும் பெயர் பூண்டனர்.

ஆனால் சேர வந்தவர்கள் நிலைக்கவில்லை. அபிஷிக்தானந்தரின் உள்ளமோ திருவண்ணாமலைக் குகைகளையும் அத்வைத அனுபவத்தையும் நாடிற்று. தமதிருத்துவ விசுவாசம் அதில் கரைந்துவிடலாகாது என்பதில் மோன்ஷானின் அடிகளார் உறுதியாக நின்றார். இருவருக்கும் இது வேதனையாக இருந்தது. நம் மண்ணின் கோலத்தை ஏற்றவரே விசுவாசத்தையும் விழிப்புடன் காத்தார் என்பதை ஐயுறுவோர் கவனிக்க வேண்டும்.

1957-இல் நோய் முற்றிச் சிகிச்சைக்காகப் பாரீசுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர், அக்டோபர் 10-ஆம் நாள், 62-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தம் முயற்சி பலித்ததைக் காணாமலே போனார். திருச்சபை தத்தம் நாட்டுப் பண்பாட்டில் வேரூன்றலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது அதற்குப் பிறகுதான்.

1968-இல் கேரளத்தின் குரிசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் அடிகள் வந்து பொறுப்பேற்றார். 1980-களில் ஆசிரமம் ஆசீர்வாதப்பர் சபையின் கமால்டோலி பிரிவில் இணைந்தது. 1993-இல் காலமான பீட் அடிகளின் கல்லறை சாந்திவனத்திலேயே உள்ளது. மோன்ஷானின் அடிகளாரின் கல்லறையோ பிரான்சில்.