ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கணித மேதை ராமானுஜனும் ஒரு காலத்தில் கணக்குப் பிரிவு கிளார்க்தான் என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1729 என்ற எண்ணின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். நான் சொல்லப்போவது அவருடைய வேறோர் எண்ணைப் பற்றி.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கோட்டை விட்டதால் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். மறுவருடம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-ல் கப்பல் ஏறினார்.

1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. விஷயம் இதுதான். 12 லட்டுகள் இருந்தால் 1, 2, 3, 4, 6, 12 பேருக்கு மீதமில்லாமல் சமமாகப் பங்கிடலாம். ஆறு வழிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை வழிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் மிஞ்சுகிறவற்றை அவர் தேடினார். 12-க்குப் பிறகு 24, 36, 48, 60 என்று போகும்.

கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதை மீதமின்றி வகுக்கும் எண்கள் 10080!

எப்படி என்கிறீர்களா? 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5, 7 இரண்டையும் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒரு முறையும் பெருக்கினால் இந்த எண் வரும். ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்ததோ, அதோடு 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. விடை 10080.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருப்பது பிற்காலத்தில் தெரிந்தது: 293318625600. இதற்கு வகுஎண்கள் 5040. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் அவருடைய அதே கடைசி எண் வருகிறது!

வங்கியில் ஒரு என்ட்ரி விட்டுப்போனால் அன்று இரவே டேலி ஆகாமல் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவர் நிரூபித்த விதிகளுக்கு இந்த விடுபட்ட எண்ணும் அப்படியே அடங்குகிறது. எஃப்.ஏ. தேறாதவருக்கு இந்தக் கட்டுரைக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சென்னையில் காலமானார்.

கணக்கில் ஒரு தப்பு செய்துவிட்டு அழும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த விடுபட்ட எண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். கூடவே, பட்டியலில் 60-க்கு அடுத்த எண் எது என்றும் கேளுங்கள். விடையோடு மாலை நடைப்பயிற்சியில் என்னைப் பார்க்கலாம்.