கலைவாணரும் ஒரே சிரிப்பும்

எங்க ஊர் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் வருஷா வருஷம் ஒரே நகைச்சுவையைத்தான் சொல்வார். ஆச்சி ஒவ்வொரு தடவையும் புதுசா சிரிப்பா.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் வில்லுப்பாட்டு மண்ணில் பிறந்தவரே: 1908, நாகர்கோவில் ஒழுகினசேரி. வறுமையால் படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர், மேடையேறி, பிறகு திரைக்கு வந்தார். நந்தனார் கதையை மாற்றிக் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். நந்தன் சாமி பார்க்கப் போனார். கிந்தன் படிக்கப் பட்டணம் போனான். மேடையில் சொன்னதையே 'நல்லதம்பி' (1949) படத்திலும் சொன்னார், ஜனங்கள் சலிக்கவில்லை. 1957-ல், 49 வயது நிறையுமுன் மறைந்தார்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். கலெக்டராகப் போறானோன்னு தினமும் ஒரே கேலி கேக்கேன். அது குத்துது. கிந்தன் சிரிப்போ என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிடுது.